இருகரை நேசர் அறிஞர் சித்திலெப்பை

பிள்ளைப்பாக்கம் கடற்கரை ஊரன்று. திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வழியில், ஏரியும் வயலுமாக விளங்கிய நிலத்தின் பெரும்பகுதி இன்று சிப்காட் தொழிற்பேட்டையாக மாறியிருப்பதை நாம் அறிவோம். பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தவர்கள் அங்கு வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். அவ்வாறு இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்து குடியேறிய குடும்பமொன்றின் பிள்ளை நம் துறையில் பயில்கிறார். அவர்தம் தமையனார் தொழிற்சாலையில் முறைப்பணி செய்பவர். இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வகுப்பில் அரபுத்தமிழ் பற்றிய பாடம் நடந்த மறுநாள், துணியில் பொதிந்த பழைய நூலொன்றை அம்மாணவர் நம்மிடம் கொணர்ந்தார். முகப்பேடு இல்லை, பின்பகுதியைப் பூச்சி அரித்திருந்தது. எழுத்து முழுவதும் அரபு எழுத்தாக இருந்தது. அரபுத்துறைப் பேராசிரியரிடம் காட்டினோம். எழுத்துத்தான் அரபு, சொற்கள் தமக்குப் புலப்படவில்லை என்றார் அவர். தமிழ்த்துறையைச் சார்ந்த நமக்கோ சொற்கள் தெரியும், எழுத்துத் தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டோம்.

அம்மாணவரின் பாட்டியாரைக் காண ஒரு வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைப்பாக்கம் சென்றோம். எண்பது அகவையைக் கடந்த அம்மூதாட்டியார் மூக்குக் கண்ணாடியை அணிந்து நூலைப் பிரித்தார். ஒளுச் செய்யும் முறையும் தொழுகையின் விதிகளும் தெளிந்த தமிழில் அவர் வாயிலிருந்து ஒழுகின. அவர்க்குத் தமிழ் எழுத்துப் படிக்க வராது என்பதைப் பின்னரே அறிந்தோம். அவர்தம் தந்தையார் இலங்கையிலுள்ள கண்டி மாநகரில் துணிக்கடை வைத்திருந்தவர். நூலும் அங்கிருந்து வந்ததே. கண்டியில் வாழ்ந்து நேசன் பத்திரிகை நடத்திய வக்கீல் ஒருவரைப் பற்றித் தந்தையார் பெருமையோடு சொல்வார் என்று கூறி, அவரை நாங்கள் அறிவோமா என்று கேட்டார். அறிவோம் என்றோம். ஆனால் நாம் அறிந்தது ஒரு வினாவிற்குரிய ஒரு வரி விடையளவே என்பது ஊர் திரும்பும் வழியில் நம்மை உறுத்தியது. அவ்வுறுத்தலே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

அவ்வக்கீல் முகம்மது காசிம் சித்திலெப்பை ஆவார். 1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கண்டியில் பிறந்தார். அவர்தம் தந்தையார் முகம்மது லெப்பை சித்திலெப்பை, ஆங்கிலேயர் ஆட்சியில் வழக்கறிஞர் தொழிலில் நுழைந்த முதல் இலங்கை முஸ்லிம் என்று போற்றப்படுபவர். தென்னிலங்கையின் அளுத்கமைப் பக்கத்தில் குடியேறிய அராபிய வணிகர் வழியினர் என்பது இக்குடும்பத்தாரின் மரபுச் செய்தி. இல்லத்தில் பேசிய மொழி தமிழ். ஓதிய மொழி அரபு. நீதிமன்றத்தில் வழங்கிய மொழி ஆங்கிலம். சூழ்ந்திருந்த மக்களின் மொழி சிங்களம். இந்நான்கினுக்கும் நடுவே வளர்ந்தவர் நம் அறிஞர்.

அவர் பிறந்த காலத்துக் கண்டியை நாம் சிறிது நினைந்து பார்த்தல் வேண்டும். 1815ஆம் ஆண்டு அம்மலையரசு ஆங்கிலேயர் கைப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்குள் காடுகள் அழிக்கப்பட்டுக் காப்பித் தோட்டங்கள் எழத் தொடங்கின. தோட்டத்தில் உழைக்க மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர். இராமேசுவரத்துக் கரையிலோ தொண்டியிலோ தோணியேறி, மன்னாரில் இறங்கி, நீரற்ற காட்டு வழியாக மாத்தளை நோக்கி நாட்கணக்கில் நடந்தனர். காய்ச்சலும் வாந்திபேதியும் கொண்டுபோன உயிர்கள் அவ்வழியெங்கும் புதைந்து கிடக்கின்றன. உழைப்பாளர் சென்ற வழியிலேயே வணிகரும் சென்றனர். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், தொண்டி முதலிய ஊர்களின் முஸ்லிம்கள் அரிசியும் கருவாடும் துணியும் கொண்டுசென்று, மலைநாட்டுக் கடைத்தெருக்களில் கடை விரித்தனர். ஓதிக் கொடுக்கும் லெப்பைமாரும் ஆலிம்களும் உடன் சென்றனர். கண்டியின் ஒரு தெருவில் நின்றால் இராமநாதபுரத்தின் பேச்சைக் கேட்கலாம் என்னும் நிலை அன்று இருந்தது. கடவுச்சீட்டும் இசைவுச்சீட்டும் இன்றியே இவ்வளவும் நடைபெற்றன. இரு நாடுகளும் ஒரே முடியின்கீழ் அடிமைப்பட்டிருந்தமை இதற்கு ஒரு காரணம் என்பதையும் நாம் மறைத்தலாகாது. அவ்வடிமைத்தனத்தைப் போற்ற வேண்டுவதில்லை. அதன் நிழலில் எளிய மக்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட உறவுதான் ஈண்டு நாம் கருதுவது.

சித்திலெப்பை 1862இல் மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞராகவும், இரண்டு ஆண்டுகளில் உயர் நீதிமன்ற வழக்கறிஞராகவும் உயர்ந்தார். தொழில் செழித்தது; செல்வம் சேர்ந்தது; நகரில் மதிப்பு ஓங்கியது. அத்தோடு நின்றிருந்தால் அவர் ஒரு செல்வராக வாழ்ந்து மறைந்திருப்பார். ஆனால் நீதிமன்றமே அவர்க்கு ஓர் ஆடியாக அமைந்தது எனலாம். தம் சமுதாய மக்கள் தாம் கையொப்பமிடும் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றறியாமல் நிலத்தை இழப்பதையும், அரசு அறிவிப்பைப் படிக்க இயலாமல் உரிமையை இழப்பதையும் அவர் நாள்தோறும் கண்டிருக்க வேண்டும். ஆங்கிலக் கல்வி அன்று பெரும்பாலும் கிறித்தவ சபைகளின் கையில் இருந்தது. பிள்ளைகள் மதம் மாறிவிடுவர் என்ற அச்சத்தால் முஸ்லிம் பெற்றோர் பள்ளிக்கு அனுப்பவில்லை. அச்சம் நியாயமானதே, ஆயினும் அதன் விலை அறியாமை. சமயத்தை இழவாமல் கல்வியைப் பெறுவது எங்ஙனம் என்பதே அவர்தம் வாழ்நாள் வினாவாயிற்று.

யாழ்ப்பாணத்தில் அதே வினாவை வேறொரு சமயத்தின் சார்பில் எழுப்பி விடை கண்டவர் ஆறுமுக நாவலர் என்பதை இலக்கிய மாணவர் அறிவர். நாவலர் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அச்சுக்கூடம் நிறுவினார், வண்ணார்பண்ணையிலும் சிதம்பரத்திலும் பாடசாலை கண்டார், 1879இல் மறைந்தார். அவர் மறைந்த மூன்றாண்டில் சித்திலெப்பையின் பத்திரிகை பிறந்தது. சைவரும் முஸ்லிம்களும் தனித்தனியே நடந்த பாதைகள் இவை. எனினும் பள்ளி, அச்சுக்கூடம், எளிய உரைநடை என்னும் மூன்று கருவிகளும் இருவர்க்கும் பொதுவாயின. பாக் நீரிணையைத் தாண்டிய நோக்கும் பொதுவாயிற்று.

1882ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் முஸ்லிம் நேசன் என்னும் வார இதழின் முதற்பிரதி வெளிவந்தது. இதழ் தமிழ் எழுத்திலும் அரபுத்தமிழிலும் செய்திகளைத் தாங்கி வந்தது. இவ்விரட்டை வடிவத்தின் பொருள் பிள்ளைப்பாக்கத்து மூதாட்டியாரைக் கண்ட பின்னரே நமக்கு முழுமையாக விளங்கியது. இருகரை முஸ்லிம் இல்லங்களிலும் சிறுவர் சிறுமியர் அனைவரும் குர்ஆன் ஓதக் கற்றனர். ஆகவே அரபு எழுத்து அவர்கட்குத் தெரியும். திண்ணைப் பள்ளிக்குச் சென்று தமிழ் எழுத்துப் பயின்றவர் ஆண்களுள்ளும் சிலரே. பெண்களுள் மிகச் சிலர். பேசுவது தமிழ், படிக்கத் தெரிந்தது அரபு எழுத்து. இவ்விடைவெளியை நிரப்பப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் கண்ட வழிதான் அரபுத்தமிழ். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகட்கு, இருக்கின்ற எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கினர். சட்ட நூல், மருத்துவக் குறிப்பு, மாலை, தாலாட்டு, வணிகக் கணக்கு, மடல் எல்லாம் இவ்வெழுத்தில் எழுந்தன. தமிழறிஞர் பலர் இதனை எழுத்துக் கலப்பு என்று ஒதுக்கியதும் உண்டு. அவர்கள் அடுக்களையில் அமர்ந்து படித்த பெண்களை எண்ணிப் பார்க்கவில்லை என்பது எம் கருத்து. முஸ்லிம் நேசன் அப்பெண்களையும் தன் வாசகராகக் கருதிற்று.

இதழில் அரசாங்க அறிவிப்புகளின் தமிழ் வடிவம் வந்தது. துருக்கி, எகிப்து முதலிய நாடுகளின் செய்திகள் வந்தன. கல்வியின் இன்றியமையாமை, சடங்குகளில் செய்யப்படும் வீண் செலவு, பெண் கல்வி என்பன பற்றி ஆசிரியர் இடையறாது எழுதினார். கடுமையாக எழுதினார் என்றே சொல்ல வேண்டும். அதனால் பகையும் தேடிக்கொண்டார். ஆங்கிலம் படிக்கச் சொல்பவர் மார்க்கத்தை விற்பவர் என்று அவரைத் தூற்றியவர் அன்று பலர் இருந்தனர்.

இதழ் இலங்கையோடு நிற்கவில்லை. தென்னிந்தியத் துறைமுக ஊர்களுக்கும், மலாய் நாட்டுத் தமிழ் முஸ்லிம்களிடையேயும் அது சென்றது. தபால் வழியாகவும் கப்பலேறிச் சென்ற வணிகர் வழியாகவும் ஒரு பிரதி பல கைகள் மாறியிருத்தல் இயல்பே. கீழக்கரையில் இருக்கும் தந்தை, கண்டியில் கடை நடத்தும் மகன் வாழும் ஊரின் செய்தியை இவ்விதழில் படிக்கலாம். மகன் எகிப்தின் செய்தியைப் படித்துத் தந்தைக்கு எழுதலாம். 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு என்பார் சிங்கை நேசன் என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். நேசன் என்ற பெயர் இரு துறைமுகங்களிலும் ஒலித்தது. ஒரே மொழி பேசும் வாசகர் கூட்டம் ஒன்று, அரசுகளின் எல்லையைப் பொருட்படுத்தாது வங்கக் கடலைச் சுற்றி உருவாகி வந்ததற்கு இவ்விதழ்கள் சான்று.

இதழ் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. 1882 செப்டம்பரில் தெல் எல் கபீர் போர்க்களத்தில் ஆங்கிலேயரிடம் தோல்வியுற்ற எகிப்தியத் தலைவர் அஹ்மது ஒராபி பாஷாவும் அவர்தம் தோழர்களும் அதில் நாடுகடத்தப்பட்டு வந்தனர். ஆங்கிலேயர் ஒரு நாட்டின் விடுதலை வீரரைச் சிறைப்படுத்த வேறொரு நாட்டைத் தேர்ந்தனர். அந்நாட்டு மக்களோ அவரை விருந்தினராக வரவேற்றனர். கண்டி வக்கீலுக்கும் எகிப்தியத் தளபதிக்கும் இடையே நட்பு மலர்ந்தது. ஒருவர்க்கு ஆட்சியாளரின் சட்டம் தெரியும். மற்றவர்க்கு ஆட்சியாளரின் பீரங்கி தெரியும். கல்வியே இனி ஏந்தத்தக்க படைக்கலம் என்ற முடிவில் இருவரும் ஒன்றுபட்டனர்.

1884இல் கொழும்பில் முஸ்லிம் சிறுவர்க்கென ஆங்கிலமும் தாய்மொழியும் கற்பிக்கும் பாடசாலை தொடங்கப்பெற்றது. மக்கள் போதிய ஆதரவு அளிக்கவில்லை; பள்ளி தளர்ந்து நின்றுபோயிற்று. இத்தோல்வியை வரலாற்று நூல்கள் ஓரிரு சொற்களில் கடந்துவிடுகின்றன. கல்வி நிலையம் நடத்துவோர்க்கு அதன் வலி தெரியும். வாடகையும் ஆசிரியர் ஊதியமும் மாதந்தோறும் வரும், மாணவர் வாரார். தம் சமுதாயத்திற்காகத் தொழிலைக் குறைத்துக்கொண்டு சொந்தப் பொருளைச் செலவிட்ட ஒருவர், அச்சமுதாயத்தாலேயே கைவிடப்படும்போது ஊர் திரும்பி வழக்காடப் போவதே இயல்பு. அவர் போகவில்லை. கம்பளை, குருநாகல் முதலிய ஊர்களுக்குப் பள்ளிகளைக் கொண்டுசென்றார். 1891இல் கண்டியில் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் திறந்து, தம் சகோதரியாரையே அதன் பொறுப்பில் அமர்த்தினார். பிறர் பெண்களைப் படிக்க அனுப்புமாறு கேட்பதற்குமுன் தம் வீட்டுப் பெண்ணை வெளியே கொணர்ந்த இச்செயல் அவர்தம் கட்டுரைகள் அனைத்தினும் வலியது. 1892 ஆகஸ்டில் கொழும்பு மருதானைப் பள்ளிவாசலின் அருகே, ஒராபி பாஷாவும் வாப்பிச்சி மரைக்காரும் உடனிருந்து துணைசெய்ய, மீண்டும் ஒரு பாடசாலை எழுந்தது. அதுவே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக ஓங்கியது.

இத்தனை அலைச்சலுக்கிடையே 1885இல் அவர் எழுதி வெளியிட்ட கதைநூல் அசன்பே சரித்திரம். நம் துறை மாணவர்க்கு இதனை நாம் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் 1893இல் தொடராக வரத் தொடங்கியது. தமிழகத்தில் எழுதப்பட்ட இலக்கிய வரலாறுகள் பல முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவிவிடுகின்றன. இடையில் 1885இல் கொழும்பில் ஒரு நாவல் வெளிவந்திருப்பது கடலுக்கு அப்பால் நடந்ததாலோ, எழுதியவர் முஸ்லிம் என்பதாலோ, நூல் கிட்டாமையாலோ கண்ணிற்படவில்லை. மூன்றாவது காரணமே பெரிதாயிருக்கும் என்று நல்லெண்ணத்தோடு கொள்வோம். இலங்கையில் 1856இல் அச்சான காவலப்பன் கதையை முதல் நாவல் எனக் கூறுவோரும் உளர். அது ஆங்கிலக் கதையொன்றின் தழுவல். சொந்தப் படைப்பாக இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் என்ற இடம் அசன்பே சரித்திரத்திற்கே உரியது.

கதை எகிப்து நாட்டு உயர்குடிப் பிள்ளையொருவனைப் பற்றியது. குழந்தைப் பருவத்தில் களவாடப்பட்ட அவன் பம்பாய்க்குக் கொண்டுவரப்படுகிறான். வளர்ந்து கல்கத்தா செல்கிறான். கல்வியும் வீரமும் நற்பண்பும் பெற்று இறுதியில் தன் பெற்றோரைக் கண்டடைகிறான். கதை நிகழும் களம் இலங்கையுமன்று, தமிழகமுமன்று. இதனைக் குறையாகக் கூறிய திறனாய்வாளர் உண்டு. தம் மண்ணின் மக்களை அவர் தம் இதழில் எழுதினார், கதையில் எழுதவில்லை என்பது உண்மையே. ஆனால் கொழும்புத் துறைமுகத்தில் நின்று பார்ப்பவர்க்குக் காஹிராவும் பம்பாயும் கல்கத்தாவும் தொலைவானவை அல்ல. வாரந்தோறும் அங்கிருந்து கப்பல்கள் வந்தன. கதைமாந்தரின் பயணம் அவ்வாசகர்கள் அறிந்த கடல்வழியிலேயே நடைபெறுகிறது. திருப்பங்களும் தற்செயல்களும் மிகுதி. அறவுரை ஆங்காங்கே கதையை நிறுத்திவைக்கிறது. வேதநாயகம் பிள்ளையின் நாவலும் இதற்கு விலக்கன்று. முதலிரு நாவலாசிரியர்களும் நீதிமன்றத்தில் பணியாற்றியவர்கள் என்பது தற்செயலா என்று நாம் வியப்பதுண்டு. எண்ணற்ற மனிதர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகள் அவை.

ஞானதீபம் என்னும் இதழையும் அவர் 1892இல் நடத்தினார். மார்க்கப் பாடநூல்களும் அரபு மொழி கற்பதற்கான நூல்களும் இயற்றினார். வாழ்வின் இறுதிக்கட்டத்தில், 1897இல், அஸ்றாறுல் ஆலம் என்னும் ஞானநூலை வெளியிட்டார். நகராண்மையும் அரசியலும் பேசிய பேனா இறுதியில் மெய்ஞ்ஞானத்தின்பால் திரும்பியது. அதனை விரித்துரைக்கும் தகுதி நமக்கில்லை.

சித்திலெப்பை இலங்கைக் கரையில் நின்று இப்பணி ஆற்றிய அதே காலத்தில், தமிழகக் கரையிலிருந்து கடலைக் கடந்து கடந்து சென்ற மற்றொரு பெரியாரையும் நினைவுகூராமல் இவ்வரலாறு நிறைவுறாது. இமாமுல் அரூஸ் என்று போற்றப்படும் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் 1816இல் காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்தவர்கள். கீழக்கரை அரூஸிய்யா மதரஸாவில் ஓதி, தம் ஆசிரியப் பெருந்தகை தைக்கா சாகிபு அவர்களின் மகளாரை மணந்தமையால் மாப்பிள்ளை என்னும் பெயர் அமைந்தது. இலங்கைக்குப் பலமுறை சென்று, ஊர் ஊராகப் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் எழக் காரணமாயினர். அவர்கள் அரபுத்தமிழில் ஆக்கிய மகானி என்னும் சட்ட விளக்கநூல் கீழக்கரை வீட்டிலும் வெலிகம வீட்டிலும் ஒருங்கே ஓதப்பட்டது. தொழுகையின் நுட்பத்தில் ஐயம் எழுந்தால் இருகரைப் பெண்களும் ஒரே பக்கத்தைப் புரட்டினர். அரசுகள் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளைப் பற்றி நாம் நிறையப் படிக்கிறோம். இவ்வகை உடன்பாடு எந்த அரசிதழிலும் ஏறுவதில்லை. ஆலிம் அவர்கள் மரபுவழிக் கல்வியைக் காத்தார்கள். வக்கீல் புதுவழிக் கல்வியைக் கொணர்ந்தார். நோக்கில் வேறுபாடு இருந்தது. இருவரும் எழுதிய எழுத்து மட்டும் ஒன்றே.

இவ்வுறவில் விரிசலே இல்லை என்று எழுதினால் அது புகழுரையாகுமே ஒழிய வரலாறாகாது. 1880களில் சட்டசபையிலும், 1888இல் தாம் எழுதிய ஆய்வுரையிலும், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் வாதிட்டார். சட்டசபையில் தங்களுக்கெனத் தனி இடம் வேண்டி நின்ற முஸ்லிம்கட்கு இது பேரிடியாயிற்று. 1889இல் அவர்களுக்கென ஓர் உறுப்பினர் நியமிக்கப்பெற்றார். வாதம் ஓயவில்லை. சித்திலெப்பையின் வழிவந்த அறிஞர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் இராமநாதனுக்கு மறுப்புநூல் எழுதினார். அராபிய வழித்தோன்றலை நிலைநாட்ட முயன்ற அவ்வாதத்தின் பக்கவிளைவாக, இலங்கைச் சோனகர் வேறு, இந்தியக் கரையிலிருந்து வந்துபோகும் சோனகர் வேறு என்னும் கோடு தடித்தது. அரசியல் உரிமைக்காக வரைந்த கோடு, கடைத்தெருவிலும் பள்ளிவாசலிலும் உணரப்படலாயிற்று. கண்டிக்கு அண்மையிலுள்ள கம்பளையில், கரையோரச் சோனகர் பள்ளிவாசலின்முன் ஊர்வலம் செல்வது பற்றி எழுந்த வழக்கிலிருந்து 1915ஆம் ஆண்டின் பெருங்கலவரம் மூண்டது. கடை எரிந்தவர்களுள் தமிழகக் கரையிலிருந்து சென்றவர் பலர். தமிழ்மொழி ஒன்றே உறவைக் காக்கப் போதுமானது என்று நம்புவோர் இப்பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றைக் காண சித்திலெப்பை இருக்கவில்லை. 1898ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் தம் அறுபதாம் அகவை நிறைவதற்குள் கண்டியில் இறையடி சேர்ந்தார். சேர்த்த செல்வத்தின் பெரும்பகுதி பள்ளிகளிலும் அச்சுக்கூடத்திலும் கரைந்திருந்தது. அதே ஆண்டின் இறுதியில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களும் மறைந்தார்கள். இரு கரையும் ஒரே ஆண்டில் தத்தம் விளக்கை இழந்தன. ஒராபி பாஷா 1901இல் எகிப்து திரும்பினார்.

பின்வந்த நூற்றாண்டில் கடல்வழி சில காலம் விரிந்தும் சில காலம் சுருங்கியும் வந்தது. 1906இல் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் விட முனைந்தபோது முஸ்லிம் வணிகரும் பெரும் பங்கு வாங்கினர். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இருபுறமும் புகைவண்டியும் இணைந்து ஓடின. சென்னையில் வாங்கிய சீட்டோடு கொழும்புவரை செல்லலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் கடலில் எல்லைக்கோட்டை வரைந்தன. 1980களில் போர் மூண்டபின் எஞ்சிய பயணிகள் கப்பலும் நின்றது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மீண்டும் ஒரு பயணிகள் கப்பல் புறப்பட 2023 அக்டோபர்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மீனவர் துயரம் இன்னும் தீரவில்லை.

கப்பல் நின்ற காலத்திலும் ஏடுகள் முற்றாக நிற்கவில்லை என்பது நமக்கு ஓர் ஆறுதல். 1973இல் திருச்சியிலும் 1979இல் கொழும்பிலும் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகளில் இருநாட்டுப் புலவரும் ஓரவையில் அமர்ந்தனர். இலங்கையில் பிறந்த பேராசிரியர் ம.மு. உவைஸ் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கென அமைந்த பேராசிரியர் பதவியை ஏற்று, பேராசிரியர் பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து அவ்விலக்கியத்தின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். நம் வகுப்பில் இன்று நாம் கற்பிப்பதில் பெரும்பகுதி அத்தொகுதிகளின் கொடை. 1977இல் இலங்கை அரசு சித்திலெப்பையின் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. கண்டியில் ஒரு பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இச்செய்திகளைத் தொகுத்துக்கொண்டு மீண்டும் பிள்ளைப்பாக்கம் சென்றோம். மூதாட்டியாரிடம் கண்டி வக்கீலின் வரலாற்றைச் சொன்னபோது, பெண்பள்ளியின் பொறுப்பைச் சகோதரியார் ஏற்ற இடத்தில் மட்டும் நிறுத்தி மீண்டும் சொல்லச் சொன்னார். தந்தையார் அதனைத் தமக்குச் சொல்லவில்லை என்றார். நூலின் எஞ்சிய பக்கங்களை நம் மாணவர் கைப்பேசியில் படமெடுத்து வைத்துள்ளனர். மாணவியர் இருவரும் பேரனாகிய அம்மாணவரும் வெள்ளிக்கிழமைதோறும் அவரிடம் சென்று அரபுத்தமிழ் எழுத்துப் பயின்று வருகின்றனர். அவர் படிக்கப் படிக்க இவர்கள் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதுகின்றனர். இம்மலர் அச்சுக்குச் செல்லும் நாள்வரை பதினேழு பக்கங்கள் முடிந்துள்ளன.